கூட்டாட்சியும் பொருட்பங்கீடும்

ஆட்சிமுறைகள் பலவகைப்படும். நாடு முழுவதையும் ஓர் அரசே நேராக ஆள்வது ஒருவகை. அதனை ஒற்றையாட்சி என்பர். தனித்தனி அரசுகளையுடைய நிலப்பகுதிகள் பல ஒன்றுசேர்ந்து, எல்லார்க்கும் பொதுவான பணிகளைப் பொது அரசொன்றனிடம் ஒப்புவித்து, ஏனைய பணிகளைத் தம்மிடமே வைத்துக்கொள்வது மற்றொருவகை. அதனைக் கூட்டாட்சி என்பர். கூட்டு வேறு, கரைப்பு வேறு. உப்பை நீரிலிட்டால் அது தன் உருவை இழக்கும். பூவை நாரில் தொடுத்தால் அது தன் உருவோடே நின்று மாலையாகும். கூட்டாட்சி மாலை போன்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகள் இம்முறையில் ஆளப்படுகின்றன. நம் இந்திய நாட்டையும் அரசியலமைப்பின் முதல் உறுப்பு மாநிலங்களின் ஒன்றியம் என்றே குறிக்கின்றது.

கூட்டாட்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதிகாரத்தைப் பற்றியே பேசுவர். எச்சட்டத்தை எவர் இயற்றுவது, எத்துறையை எவர் நடத்துவது என்பனவே அவர்தம் வினாக்கள். ஆயினும், அதிகாரம் என்பது ஏட்டில் எழுதப்படுவது. அதனைச் செயலாக்குவது பொருள். பள்ளியை நடத்தும் உரிமை ஒருவரிடமும், ஆசிரியர்க்கு ஊதியம் கொடுக்கும் பணம் பிறிதொருவரிடமும் இருக்குமாயின், அவ்வுரிமை பெயரளவிலேயே நிற்கும். ஆதலின், கூட்டாட்சியின் உயிர்நிலை பொருட்பங்கீட்டில் உள்ளது எனலாம். அப்பங்கீடு விதியாலும் உரிமையாலும் நடைபெறுமாயின் கூட்டு நிலைக்கும். விருப்பாலும் அருளாலும் நடைபெறுமாயின் தளரும். இவ்வுண்மையை நம் நாட்டின் வரலாற்றைக்கொண்டு ஈண்டுக் காண்போம்.

கூட்டினால் வரும் பயன்

பல அரசுகள் ஒன்றுசேர்வதனால் மக்கட்கு வரும் பொருட்பயன் யாது? முதலாவது, பரந்த சந்தை. தனித்தனி நாடுகளாயின், ஒவ்வோர் எல்லையிலும் சுங்கச்சாவடி இருக்கும். பண்டங்கள் எல்லைதோறும் வரி கொடுத்தே செல்லவேண்டும். கூட்டாட்சியில் அத்தடை நீங்குகின்றது. இந்திய நிலப்பரப்பு முழுவதும் வாணிகம் தடையின்றி நடைபெறவேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 301-ஆம் உறுப்புக் கூறும் நெறியாகும். திருப்பூரில் நெய்த ஆடை பாட்னாவில் விலைபோவதும், பஞ்சாபில் விளைந்த கோதுமை மதுரைக்கு வருவதும் இதனால் எளிதாயின.

இரண்டாவது, அண்மையால் வரும் அறிவு. ஓர் ஊரின் தேவையை அவ்வூர்க்கு அண்மையில் இருப்போர் நன்கு அறிவர். இராமநாதபுரத்துக் கண்மாய்க்கு எப்போது மராமத்து வேண்டும் என்பதைத் தில்லியிலிருந்து அறிதல் அரிது. நிலமும் மழையும் மொழியும் உணவும் இடத்துக்கிடம் வேறுபடும் ஒரு நாட்டில், எல்லார்க்கும் ஒரே அளவில் தைத்த சட்டை ஒருவர்க்கும் பொருந்தாது.

மூன்றாவது, சோதித்துப் பார்த்தல். ஒரு புதிய முறையை நாடு முழுவதும் ஒருங்கே தொடங்கி, அது தவறாகுமாயின், இழப்பும் நாடு முழுவதற்கும் ஆகும். ஒரு மாநிலம் செய்துபார்த்து வெற்றிபெறுமாயின், பிற மாநிலங்கள் அதனைப் பின்பற்றலாம். இதற்கு நம் நாட்டில் நல்ல சான்றுகள் உள. 1937-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இராசாசி தலைமையில் அமைந்த அரசு, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. மதுவினால் வந்த வருவாய் குறைந்தது. அக்குறையை நிரப்புதற்பொருட்டு 1939-ஆம் ஆண்டில் பொது விற்பனை வரி என்னும் புதிய வரியை அவ்வரசு விதித்தது. பின்னர் அவ்வரியைப் பிற மாகாணங்களும் ஒவ்வொன்றாக மேற்கொண்டன. நெடுங்காலம் மாநிலங்களின் தலையாய வருவாயாக அதுவே நின்றது. 1956-ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் பரவிய மதிய உணவுத் திட்டமும் அத்தகையதே. 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1995-இல் நடுவணரசு நாடளாவிய திட்டமொன்றைத் தொடங்கியது. 2001-இல் சமைத்த உணவையே எல்லா மாநிலங்களும் அளிக்கவேண்டும் என உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இவ்வாறு ஒரு மாநிலத்தின் முயற்சி நாட்டின் வழக்கமாயிற்று.

பணியும் பணமும்

இத்துணைப் பயனுடைய கூட்டாட்சியில் இடர்ப்பாடு ஒன்றும் உடன்பிறந்தே வருகின்றது. அஃதாவது, பணி ஓரிடத்தும் பணம் ஓரிடத்தும் சேர்தல். இதன் காரணத்தை அறிதல் வேண்டும்.

வரிகளுள் சிலவற்றை நடுவணரசு தண்டுவதே முறையாகும். துறைமுகத்தில் தண்டப்படும் சுங்கவரியை எடுத்துக்கொள்வோம். மும்பையில் இறங்கும் பண்டம் மும்பைக்கு மட்டும் உரியதன்று. மத்தியப் பிரதேசத்திற்கும் செல்லும். அவ்வரியைத் துறைமுகமுள்ள மாநிலமே வைத்துக்கொள்ளுமாயின், கடலில்லாத மாநிலத்து மக்கள் அயலார்க்கு வரி கொடுப்போர் ஆவர். வருமானவரியும் அவ்வாறே. ஒருவர் ஒரு மாநிலத்தில் வாழ்ந்து மற்றொரு மாநிலத்தில் பொருளீட்டலாம். ஒரு நிறுவனத்தின் ஆலை ஓரிடத்தும் தலைமை அலுவலகம் ஓரிடத்தும் இருக்கலாம். மாநிலங்கள் தனித்தனியே இவ்வரியை விதிக்குமாயின், வரி குறைந்த இடத்தை நாடிச் செல்வம் ஓடும். நிலமோ ஓடாது. ஆதலின் நிலவரி மாநிலத்திற்கும், ஓடும் பொருளின்மேல் வரும் வரி நடுவணரசிற்கும் ஆயின.

பணிகளோ இதற்கு மாறாக அமைந்துள்ளன. படை, அயல்நாட்டுறவு, இருப்புப்பாதை, அஞ்சல் முதலியன நடுவணரசின்பாற்பட்டன. மருத்துவமனை, காவல், வேளாண்மை, நீர்ப்பாசனம், ஊர்ச்சாலை, குடிநீர் ஆகியன மாநிலத்தின்பாற்பட்டன. கல்வி முதற்கண் மாநிலப் பட்டியலிலேயே இருந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பெற்றது. எனினும் பள்ளிகளின் செலவிற் பெரும்பகுதியை இன்றும் மாநிலங்களே தாங்குகின்றன. ஆகவே, நாட்டின் அரசுகள் திரட்டும் வருவாயில் 100-க்கு 60-க்கு மேல் நடுவணரசின் கைக்கு வருகின்றது; அரசுகள் செய்யும் செலவிலோ 100-க்கு 60-க்கு மேல் மாநிலங்களின் தலைமேல் விழுகின்றது. வரவு மேலும் செலவு கீழுமாக அமைந்த இந்நிலையில், மேலுள்ள பொருள் கீழே இறங்குதற்கு வழி ஒன்று வேண்டும்.

ஏரி ஒன்று பெருகி நிற்கின்றது. வயல்களோ கீழே உள்ளன. இடையே மதகும் கால்வாயும் வேண்டும். மதகு இல்லையெனின் ஏரி நிறைந்தும் பயிர் வாடும். மதகைத் திறப்பது எப்போது, எவ்வளவு என்பதற்கு ஊர் அறிந்த விதி வேண்டும். மேல்மடைக்கும் கடைமடைக்கும் இடையே முறைவைத்தலும் வேண்டும். கூட்டாட்சியின் பொருளியல் இம்மூன்றனுள் அடங்கும்.

ஏரியே இல்லையாயின் நேர்வது யாது என்பதற்கு அமெரிக்க வரலாறு சான்றாகும். ஆங்கே 13 அரசுகள் 1781-ஆம் ஆண்டில் ஒப்பந்தம் ஒன்றால் இணைந்தன. ஆயினும் பொது அரசிற்கு வரி விதிக்கும் உரிமையை அவை கொடுத்தில. பொது அரசு பொருள் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அரசுகளின் விருப்பம். விடுதலைப் போரிற் போர்புரிந்த வீரர்க்கு ஊதியம் கொடுக்கவும், வாங்கிய கடனைத் தீர்க்கவும் அவ்வரசால் இயலவில்லை. அதனால், 1787-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிற் கூடிய மாநாடு புதிய அரசியலமைப்பை வரைந்து, பொது அரசிற்கு வரி விதிக்கும் உரிமையை அளித்தது. கைப்பொருளற்ற நடுவணரசால் கூட்டு நிலையாது. கைப்பொருளற்ற மாநிலத்தாலும் அது நிலையாது. இவ்விரண்டனையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும்.

மாகாணங்கள் கொடுத்த காலம்

நம் நாட்டில் இப்பொருட்பங்கீடு ஒருநாளில் அமைந்ததன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் 1919-ஆம் ஆண்டின் சட்டம் மாகாணங்களுக்குச் சில துறைகளையும் சில வருவாய்களையும் தனியே ஒதுக்கியது. நிலவரியும், மதுவின்மேல் வரும் ஆயத்தீர்வையும், முத்திரைத்தாள் வருவாயும் மாகாணங்களுக்கு ஆயின. சுங்கவரியும் வருமானவரியும் நடுவணரசிற்கு ஆயின. அவ்வாறு பிரித்தபோது நடுவணரசின் கணக்கில் 983 இலட்சம் ரூபாய் பற்றாக்குறை நேர்ந்தது. அதனை மாகாணங்களே கொடுத்து நிரப்பவேண்டும் என முடிவாயிற்று. எம்மாகாணம் எவ்வளவு கொடுப்பது என்பதை 1920-ஆம் ஆண்டில் மெஸ்டன் பிரபுவின் குழு வகுத்தது.

அவ்வகுப்பின்படி சென்னை மாகாணம் 348 இலட்சமும், ஐக்கிய மாகாணம் 240 இலட்சமும், பஞ்சாப் 175 இலட்சமும், வங்காளம் 63 இலட்சமும், பம்பாய் 56 இலட்சமும் கொடுத்தல் வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் சென்னையின் தலைமேல் விழுந்தது. நிலவரி மிகுந்த மாகாணங்கள் புதிய பிரிவினையால் மிகுந்த ஊதியம் பெற்றன, ஆதலின் மிகுதியாகக் கொடுத்தல் வேண்டும் என்பது குழுவின் கணக்கு. கணக்கு எவ்வாறாயினும், தன் கல்விக்கும் மருத்துவத்திற்கும் பொருள் வேண்டிநின்ற சென்னை அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. குறைவாகக் கொடுத்த பம்பாயும் வங்காளமும் மகிழ்ந்தனவோ எனின், அதுவும் இல்லை. எம் ஆலைகளிலிருந்தும் வாணிகத்திலிருந்தும் வரும் வருமானவரி முழுவதும் நடுவணரசிற்குச் சென்றுவிட்டதே என அவை வருந்தின. ஒவ்வொரு மாகாணமும் தன் வாசலில் நின்று நோக்கியது. ஒவ்வொன்றன் முறையீட்டிலும் ஓர் உண்மை இருந்தது. இக்கொடை 1920-களின் இறுதியில் ஒழிந்தது.

1935-ஆம் ஆண்டின் சட்டம் இம்முறையைத் தலைகீழாக மாற்றியது. மாகாணம் நடுவணரசிற்குக் கொடுத்த காலம் போய், நடுவணரசு மாகாணங்களுக்குப் பங்கு கொடுக்கும் காலம் வந்தது. 1936-இல் சர் ஆட்டோ நீமயர் வகுத்தளித்த முறைப்படி வருமானவரியிற் பாதி மாகாணங்களுக்கு உரியதாயிற்று. அப்பாதியில் 100-க்கு 20 வங்காளத்திற்கும், 20 பம்பாய்க்கும், 15 சென்னைக்கும், 15 ஐக்கிய மாகாணத்திற்கும், எஞ்சியது பிறவற்றிற்கும் எனப் பகுத்தார். இன்றைய முறைக்கு வித்து இதுவே.

நிதிக்குழு

விடுதலை பெற்றபின் அரசியலமைப்பை வகுத்த சான்றோர், பங்கின் அளவை நூலிலேயே எழுதி வைத்திலர். காலம் மாறும், தேவையும் மாறும். அதனைத் தில்லியிலுள்ள அமைச்சரின் விருப்பிற்கும் விட்டிலர். 280-ஆம் உறுப்பில் நிதிக்குழு என்னும் அமைப்பை ஏற்படுத்தினர். ஐந்தாண்டிற்கு ஒருமுறையேனும் குடியரசுத்தலைவர் அதனை அமைத்தல் வேண்டும். வரிகளில் மாநிலங்களுக்குரிய பங்கு எவ்வளவு, அப்பங்கை மாநிலங்களுக்குள் பிரிப்பது எங்ஙனம் என்னும் இரண்டனையும் அது ஆராய்ந்து பரிந்துரைக்கும்.

முதல் நிதிக்குழு 1951-ஆம் ஆண்டில் கே. சி. நியோகி தலைமையில் அமைந்தது. வருமானவரியில் 100-க்கு 55 பங்கு மாநிலங்களுக்கு என அது பரிந்துரைத்தது. அப்பங்கில் ஐந்தில் நான்கு மக்கள்தொகைக்கேற்பவும், ஐந்தில் ஒன்று வரி தண்டப்பட்ட இடத்திற்கேற்பவும் பிரிக்கப்பெற்றது. பின்னர் வந்த குழுக்களுள் இரண்டாவதற்குக் கே. சந்தானமும், நான்காவதற்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி. வி. இராசமன்னாரும், பன்னிரண்டாவதற்குச் சி. இரங்கராசனும் தலைமை தாங்கினர். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பதினாறாவது நிதிக்குழு அமைக்கப்பெற்றது.

இக்குழுவினால் விளைந்த நன்மை ஒன்றனை இங்குக் கருதுதல் வேண்டும். தன் பங்கைப் பெறும் மாநிலம் எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டுவதில்லை. ஆளும் கட்சி எதுவாயினும் பங்கு மாறாது. விதியின்றிக் கொடுக்கும் உதவியோ அத்தகையதன்று. திட்டக்குழுவின் வழியாக நடுவணரசு அளித்த திட்ட உதவி, 1969-ஆம் ஆண்டு வரையில் திட்டந்தோறும் தனித்தனியே ஆராய்ந்து அளிக்கப்பெற்றது. மாநிலங்கள் முறையிட்டபின், காட்கில் வாய்பாடு என்னும் பொது விதி அதற்கும் வகுக்கப்பட்டது. அருளாக இருந்தது விதியாக மாறியபோதே முறையீடு தணிந்தது.

பங்கிடும் குவியலும் பங்கிடாத குவியலும்

களத்தில் நெல் இரண்டு குவியலாகக் கிடக்கின்றது எனக் கொள்வோம். ஒரு குவியலைக் கூட்டாளியுடன் பங்கிடவேண்டும், மற்றொன்றைப் பங்கிடவேண்டுவதில்லை. நெல்லைக் குவிப்பவன் எதனைப் பெருக்குவான்? பங்கிடாத குவியலையே பெருக்குவான். அவன் தீயவன் என்பதன்று. வழி அவ்வாறு அமைந்துள்ளது. நம் நாட்டின் பொருட்பங்கீட்டிலும் இந்நிலை இருமுறை நேர்ந்தது.

முதற்கண் வருமானவரி மட்டும் கட்டாயமாகப் பங்கிடவேண்டியதாய் இருந்தது. நிறுவனங்கள் செலுத்தும் கழகவரி அவ்வாறன்று. 1959-ஆம் ஆண்டில் நிறுவனங்கள் செலுத்திய வருமானவரியும் கழகவரி என வகைப்படுத்தப்பட்டுப் பங்கிடாத குவியலிற் சேர்ந்தது. மாநிலங்களின் முறையீட்டால் நிதிக்குழுக்கள் எஞ்சிய வருமானவரியில் பங்கை உயர்த்திக்கொண்டே சென்றன. 1978-இல் ஏழாவது குழு அதனை 100-க்கு 85 ஆக்கியது. நூறு ரூபாய் தண்டினால் பதினைந்தே தனக்கு எஞ்சும் வரியைக் கருத்தாய்த் தண்டுதற்கு நடுவணரசிற்கு ஊக்கம் எங்ஙனம் வரும்? பங்கை உயர்த்திய மாநிலங்களுக்கும் அதனால் நிறைந்த பயன் இல்லையாயிற்று.

தமிழ்நாட்டரசு 1969-ஆம் ஆண்டில் இராசமன்னார் தலைமையில் அமைத்த குழு, கழகவரி முதலியவற்றையும் பங்கிடும் குவியலிற் சேர்க்கவேண்டும் என 1971-இல் அறிக்கை அளித்தது. 1994-இல் பத்தாவது நிதிக்குழுவும், தனித்தனி வரியிற் பங்கு என்பதை விடுத்து, நடுவண் வரிகள் எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி அதில் 100-க்கு 29 பங்கு அளிக்கலாம் என்றது. 2000-ஆம் ஆண்டில் 80-ஆவது திருத்தத்தால் அது சட்டமாயிற்று. அப்பங்கு படிப்படியாக உயர்ந்து, 2015-இல் பதினான்காவது குழுவின் காலத்தில் 42 ஆயிற்று. சம்மு காசுமீரம் ஒன்றியப் பகுதிகளாக மாறியபின் பதினைந்தாவது குழு அதனை 41 ஆக்கியது.

இதனால் குறை நீங்கியதோ எனின், முற்றும் நீங்கவில்லை. குறித்த பணியொன்றன்பொருட்டு விதிக்கப்படும் செஸ் என்னும் வரியும், வரியின்மேல் வரியாகிய சர்சார்ஜும் பங்கிடும் குவியலிற் சேரா. 2021-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் ஒரு லிட்டர் பெட்ரோலின்மேல் நடுவணரசு விதித்த தீர்வைகள் 32 ரூபாய் 90 பைசா. அதனுள் பங்கிடத்தக்க அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 பைசாவே. எஞ்சிய 31 ரூபாய் 50 பைசாவும் செஸ், கூடுதல் தீர்வை என்னும் பெயர்களில் அமைந்தது. ஆகவே, மாநிலங்கள் அனைத்திற்கும் சேர்ந்து லிட்டருக்கு ஏறத்தாழ 57 பைசாவே பங்காகும். அப்பொருள் சாலை முதலிய நற்பணிகளுக்குச் செல்கின்றது என்பதும், படைக்கும் கடனுக்கும் நடுவணரசிற்குப் பெருஞ்செலவு உண்டு என்பதும் உண்மையே. ஆயினும் விதி ஒன்றாகவும் வழி வேறொன்றாகவும் ஆகுமாயின், 41 என்னும் எண் ஏட்டில் நிற்கும், குவியலோ சிறுத்துவிடும். ஆதலின் பங்கின் அளவை மட்டுமன்றிக் குவியலின் அளவையும் நோக்குதல் அறிவுடையார் கடன்.

மேல்மடையும் கடைமடையும்

இனி, மாநிலங்களுக்குள் பங்கிடும் முறையைக் காண்போம். இதுவே மிகக் கடினமான வினா. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையுள்ள காலத்திற்கு வகுத்த அளவுகோல் இது: வருமானத்தில் எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதற்கு 45, 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக்கு 15, நிலப்பரப்பிற்கு 15, மக்கட்பெருக்கைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, காட்டிற்கும் சூழலுக்கும் 10, வரி தண்டும் முயற்சிக்கு 2.5, ஆக 100. இதன்படி உத்தரப்பிரதேசம் 17.939-உம், பீகார் 10.058-உம், தமிழ்நாடு 4.079-உம், கேரளம் 1.925-உம் பங்காகப் பெற்றன.

தென்மாநிலத்தார் கூறுவது யாது? "குடும்பநலத் திட்டத்தை நாட்டின் வேண்டுகோட்கிணங்க நாங்கள் நிறைவேற்றினோம்; கல்வியையும் தொழிலையும் வளர்த்தோம். அதன் பயன் பங்கு குறைதல்தானா?" என்பது அவர்தம் முறையீடு. பதினோராவது குழு தமிழ்நாட்டிற்கு அளித்த பங்கு 5.385, பதினைந்தாவது குழு அளித்தது 4.079. நெடுங்காலம் 1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகையே கணக்கிற் கொள்ளப்பட்டு வந்தமையால், 2011-ஆம் ஆண்டின் கணக்கிற்கு மாறியது அவர்தம் வருத்தத்தை மிகுவித்தது. நன்கு உழைத்தவன் இழப்பான் என்னும் எண்ணம் பரவுமாயின் உழைப்பிற்கு ஊக்கம் குன்றும். இது மறுக்கவியலாத வழக்கு.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ள வறிய மாநிலத்தார் கூறுவதும் கேட்கத்தக்கது. "பீகாரிற் பிறந்த குழந்தையும் இந்நாட்டின் குடியே, அதற்குப் பள்ளியும் மருந்தும் வேண்டாவோ? செல்வ மாநிலத்துப் பண்டங்களை வாங்குவோர் நாங்கள், ஆங்குச் சென்று உழைப்போரும் எங்கள் மக்கள்" என்பர். அன்றியும், 1950-களில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரையில் எஃகு முதலிய பொருள்களுக்கு நாடெங்கும் ஒரே விலை அமையுமாறு நடுவணரசு இரயில் கட்டணத்தைச் சமன்செய்தது. அதனால் இரும்பும் நிலக்கரியும் தோண்டப்பட்ட பீகார், வங்காளம், ஒரிசா முதலிய பகுதிகள் தம் இயற்கை நலத்தை இழந்தன. தொலைவிலுள்ள மேற்கு, தென் மாநிலங்களில் ஆலைகள் பெருகுதற்கு அது துணைசெய்தது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் ஒருவர் கொடுப்பவராகவும் மற்றொருவர் பெறுபவராகவும் தோன்றுவர். எல்லாப் பக்கங்களையும் படித்தால், ஒவ்வொருவரும் ஒருகாலத்துக் கொடுத்தும் ஒருகாலத்துப் பெற்றும் வந்தமை விளங்கும்.

ஆதலின் நடுவுநிலை யாது? கடைமடைக்கு நீர் செல்லவேண்டும். மேல்மடைப் பயிரும் வாடலாகாது. பின்தங்கியவரை உயர்த்துதல் ஒரு கண். முன்னேறியவரின் ஊக்கத்தைக் காத்தல் மற்றொரு கண். மக்கட்பெருக்கைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5 மதிப்பு வைத்தது இரண்டாம் கண்ணைத் திறந்ததன் அடையாளம். அது போதுமா, போதாதா என்பது விதியைப் பற்றிய வழக்கு. விதியைப் பற்றி வழக்கிடுதல் கூட்டாட்சிக்குத் தீங்கன்று. அதுவே அதன் உயிர்ப்பாகும்.

கூடி முடிவுசெய்தல்

2017-ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. விற்பனை வரி முதலிய தம் வரிகள் பலவற்றை மாநிலங்களும், ஆயத்தீர்வை முதலிய தன் வரிகள் பலவற்றை நடுவணரசும் ஒரே வரியிற் சேர்த்தன. எல்லைச் சாவடிகளில் லாரிகள் வரிசையாகக் காத்துநின்ற நிலை நீங்கியது. ஆயினும், 1939-ஆம் ஆண்டிலிருந்து நம் மாநிலம் தன் விருப்பப்படி உயர்த்தியும் தாழ்த்தியும் வந்த வரியுரிமை பொதுமன்றத்திற்குச் சென்றது. அம்மன்றத்தில் நடுவணரசின் வாக்கிற்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்திற்கும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு. முடிவு செய்வதற்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின், நடுவணரசு தனித்து ஒன்றையும் நிறைவேற்றவியலாது. மாநிலங்கள் எல்லாம் ஒன்றுகூடினும் நடுவணரசின்றி ஒன்றையும் நிறைவேற்றவியலா. மறுக்கும் ஆற்றல் நடுவணரசிற்குத் தனியே உண்டு. எந்த மாநிலத்திற்கும் தனியே இல்லை. இவ்வேறுபாட்டை மாணவர் கருதிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வரி பண்டம் செய்யப்படும் இடத்திற்கன்றி, நுகரப்படும் இடத்திற்குச் செல்வது. ஆதலின் மாநிலங்களின் வருவாய் குறையுமாயின் ஐந்தாண்டு வரையில் ஈடு செய்யப்படும் எனச் சட்டம் உறுதியளித்தது. 2015-16-ஆம் ஆண்டின் வருவாய் ஆண்டுதோறும் 100-க்கு 14 வீதம் வளர்வதாகக் கொண்டு அவ்வீடு கணக்கிடப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்தது; வாணிகம் முடங்கியது; ஈட்டிற்கென விதித்த செஸ் போதவில்லை. கடனை வாங்குவது நடுவணரசா, மாநிலங்களா என வழக்கு எழுந்தது. நெடும்பேச்சிற்குப் பின், நடுவணரசே 2020-21-இல் 1.1 இலட்சம் கோடி ரூபாயும், 2021-22-இல் 1.59 இலட்சம் கோடி ரூபாயும் கடன் வாங்கி மாநிலங்களுக்கு அளித்தது. வாக்குறுதி எழுத்தில் இருந்தமையால் மாநிலங்கள் கேட்டன. கூடிப் பேசுதற்கு மன்றம் இருந்தமையால் வழி பிறந்தது.

முடிவுரை

திருவள்ளுவர் இறைமாட்சியைக் கூறுமிடத்து அரசின் திறங்களை நான்காக வைத்தார். பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல் என்பன முதல் மூன்று. காத்த பொருளைப் பகுத்துச் செலவிடுதலை நான்காவதாக இறுதியில் வைத்தார். முதல் மூன்றும் வலிமையால் ஆகும். நான்காவது நடுவுநிலைமையால் ஆகும். ஒருவன் ஆளும் நாட்டிற்கே இது வேண்டுமாயின், பலர் கூடி ஆளும் நாட்டிற்கு எத்துணை வேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இன்னும் ஒன்று. நடுவணரசிடம் உரிமைப்பங்கு கேட்கும் மாநிலம், தனக்குக் கீழுள்ள ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அவ்வாறே கொடுத்தல் வேண்டும். 1992-ஆம் ஆண்டின் 73, 74-ஆவது திருத்தங்கள் ஐந்தாண்டிற்கு ஒருமுறை மாநில நிதிக்குழுவை அமைக்குமாறு விதித்தது இதன்பொருட்டே. மேலே நோக்கி உரிமை என்றும், கீழே நோக்கி அருள் என்றும் பேசுதல் முறையன்று. தில்லியிலுள்ள ஏரியின் நீர் மாநிலக் கால்வாயோடு நின்றுவிடாது, ஊர்க்கடையிலுள்ள பள்ளியின் கூரைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் சென்று சேரும்போதே கூட்டாட்சி தன் பயனை எய்தும். அப்பங்கு வருகின்றதா, எவ்விதியால் வருகின்றது, எங்குத் தடைப்படுகின்றது என வினவுதல் குடிமக்கள் எல்லார்க்கும் உரிய கடமையாகும்.

பயிற்சி

1. ஒற்றையாட்சிக்கும் கூட்டாட்சிக்கும் உள்ள வேறுபாட்டை உவமை காட்டி விளக்குக.
2. சுங்கவரியையும் வருமானவரியையும் நடுவணரசு தண்டுவது முறையாதல் ஏன்?
3. மெஸ்டன் குழுவின் முடிவால் சென்னை, பம்பாய் ஆகிய இரு மாகாணங்களும் வருந்தியதன் காரணங்களைத் தனித்தனியே எழுதுக.
4. 'பங்கின் அளவை மட்டுமன்றிக் குவியலின் அளவையும் நோக்குதல் வேண்டும்' - பெட்ரோல் தீர்வையைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
5. மாநிலங்களுக்குள் வரிப்பங்கைப் பிரிக்கும் முறையைப் பற்றி முன்னேறிய மாநிலத்தார் ஒருவரும் பின்தங்கிய மாநிலத்தார் ஒருவரும் உரையாடுவதாக ஓர் உரையாடல் எழுதுக.
6. உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியின் வருவாய்கள் எவையெவை என ஆசிரியர் துணையோடு கேட்டறிந்து பட்டியலிடுக.